மூன்று விரல்களும் ஒரு கூரையும்

ஒரே ஒரு சொட்டுதான் விட்டார். அதுவும் காரின் கூரை பின்பக்கத் தூணோடு சேருகிற மூலையில், மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் குடி முழுகிவிடாது, ஆனால் தணிகாசலத்துக்குத் தெரியும், தெரிந்தபிறகு எப்படிச் சும்மா இருப்பது, மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துச் சாலையிலா வருகிறார்கள், கடலூரிலிருந்துதானே, இதோ வந்துவிடுவார்கள் என்று வனஜா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தபோதும், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பின்கட்டு அறைக்குள் போனார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. கூரையை மூன்று விரலால் அழுத்திப் பிடித்தார், ஒரு சொட்டுப் பசையை விட்டார், பசை உள்ளே போகாமல் கூரைமேலேயே வழிந்து விரலடியில் நுழைந்தது, அவ்வளவுதான், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் காரோடு காராகிவிட்டன. இழுத்தால் தோல் வருகிறது. இன்னும் இழுத்தால் கூரை வந்துவிடும். இப்போது கூடத்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், கழுத்திலிருந்து மகளின் துப்பட்டா தூளியாகத் தொங்குகிறது, தூளிக்குள் டர்க்கி டவல் சுற்றிய வலது கை, கைக்குள் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கார், எதிரே எத்திராஜுலு, அவர் சம்சாரம் புஷ்பலதா, பையன் பரணிதரன். கையில் என்னங்க என்று வாசற்படி ஏறும்போதே கேட்டுவிட்டார்கள். சுளுக்கு என்று சொல்லிவிட்டார். சுளுக்குக்கு இவ்வளவு பெரிய கட்டா என்று அவர்கள் கேட்கவில்லை, நல்ல மனுஷர்கள், ஆனால் பார்த்தார்கள். கையில் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்.

காரைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றும். தோன்றும், தோன்றும். இரண்டு வருஷம் முன்னால் விழுப்புரத்துச் சம்பந்தம் வந்தபோது அப்படித்தான் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார். பையனின் மாமா மரியாதைக்கு ஒரு வார்த்தை, நல்லா இருக்குங்களே பொம்மை என்றார். பொம்மை! தணிகாசலம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார், ரெனோ, பெஜோ, பான்ஹார், தகரக் கொட்டகை மாதிரி முதுகு வளைந்த அந்த ரெண்டு குதிரைச் சித்ரோயென், எல்லாம் பிரெஞ்சுக்காரன் ஓட்டின பழைய கார்கள், எல்லாம் தன் கையால் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வளைத்துக் கட்டினவை, ஒவ்வொன்றுக்கும் கியர் எங்கே இருக்கும், ஏன் அங்கே இருக்கும் என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறி, பஜ்ஜி ஆறி, விழுப்புரத்துக்காரர்களின் முகமும் ஆறிப்போனது. போய்ப் பதில் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கதை ஊர் சுற்றிக் கடலூர்வரை போயிருக்கிறது. பொண்ணோட அப்பா பொம்மைக் கார் வச்சு விளையாடுற ஆளாமே என்று எத்திராஜுலு மகனிடம் கேட்க, மகன் நித்திலாவிடம் கேட்க, அவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அதெல்லாம் அப்பா எப்பவோ விட்டுட்டாரு என்று சொல்லிவிட்டாள். பெற்ற மகள் தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவளாகவே பிடித்த பையன், ஒரே ஆபீஸ், இந்த இடம் கைவிட்டுப் போனால் அவள் வேறு எங்கேயும் கழுத்தை நீட்டமாட்டாள், அது வனஜாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலையில் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு நின்றாள். அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கார் வேண்டாம்ப்பா என்றாள். வேண்டாம்மா, அந்த ரூம் பக்கமே போகமாட்டேன் என்றார். அலமாரிக்கு முன்னால் அவரே நின்று வனஜாவின் பட்டுப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டார், அதற்குமேல் முருகன் காலண்டரை மாட்டினார். அவ்வளவு உஷாராக இருந்த மனுஷன்தான் சாயங்காலம் போய்ச் சொட்டு விட்டது.

நித்திலாதான் முதலில் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் நகப்பாலீஷ் அழிக்கிற பாட்டிலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். இதுல விரலை நனைச்சா விட்டுடும்ப்பா என்றாள். விட்டுவிடும், விடாமல் என்ன. அசிட்டோன். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் அந்தப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பான். ஆனால் அசிட்டோன் பசையை மட்டுமா கரைக்கும், பெயின்டைக் கரைக்கும், பெயின்டுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கையே கூழாக்கிவிடும், கூரை கூரையாக இருக்காது, உருகின கடலைமிட்டாய் மாதிரி ஆகிவிடும், அந்தக் கறுப்புக்கு அவர் எத்தனை தரம் அடித்து, எத்தனை தரம் உப்புத்தாள் போட்டு, மறுபடி அடித்து, ஒரு தூசி விழுந்தது என்று மறுபடி தேய்த்து, முகம் தெரிகிற கறுப்பு, உண்மையிலேயே முகம் தெரியும், போன வாரம் அதைப் பார்த்துத்தான் மீசையை ஒழுங்குபண்ணினார். பெயின்ட் போயிடும்மா என்று சொன்னார். அந்தச் சொல் வாயைவிட்டுப் போனபிறகுதான் காதில் விழுந்தது. நித்திலா ஒரு கணம் அவரைப் பார்த்தாள், பிறகு துப்பட்டாவைக் கழற்றி மடித்துத் தூளி கட்ட ஆரம்பித்தாள். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது, டீசல், இன்ஜெக்டர் சரியில்லை என்று அந்த நேரத்திலும் மனசு சொன்னது. சீ, இந்த மனசைச் செருப்பால் அடித்தால் என்ன. ஒரு வெந்நீர், கொஞ்சம் சோப்பு, ஊறவைத்தால் தானாகவே விடும், நேரம்தான் வேண்டும், வியர்வைக்கும் விடும் என்று எங்கோ படித்த ஞாபகம், அதனால் இப்போது டவலுக்குள் வியர்ப்பது நல்லதுதான், வியர்க்கட்டும், இன்னும் வியர்க்கட்டும், ஃபேனை நிறுத்தச் சொல்லலாமா, சொன்னால் பைத்தியம் என்பார்கள். தணிகாசலம் டவலுக்குள் விரலை மெல்ல அசைத்துப் பார்த்தார். கார் அசைந்தது. மடிமீது சக்கரம் உருண்டது. பிடித்து நிறுத்தினார்.

வனஜா கேசரித் தட்டோடு வந்தாள். தூளியைப் பார்த்தாள். என்னாச்சு என்று கண்ணால் கேட்டாள், சுளுக்கு என்று அவர் வாயால் சொன்னார், அவள் நம்பவில்லை, முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எதற்கு எப்படி விழிப்பார் என்று அவளுக்குத் தெரியாதா. குனிந்து கேசரி வைக்கும்போது அவள் பார்வை டவலின் ஓரத்தில் நின்றுவிட்டது. அவரும் பார்த்தார். டவல் விலகின இடத்தில் காரின் மூக்கு. மூக்கில் அந்தக் கம்பி வலை, அதன்மேல் ஓட்டு வீட்டு முகடு மாதிரி மடிந்த இரண்டு வெள்ளிக் கோடு. வலை எங்கிருந்து வந்தது என்று வனஜாவுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் டீ வடிகட்டியைக் காணோம் காணோம் என்று அவள் வீட்டைத் தலைகீழாக்கித் தேடிக்கொண்டிருந்தாள், புஷ்பலதா காபி குடிக்கமாட்டாள், டீதான் என்று சொல்லி, கடைசியில் வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். இந்த வீட்டில் எது காணாமல் போனாலும் ஏதாவது ஒரு காருக்குள் இருக்கும். அவளுடைய கைப்பை பான்ஹாரின் சீட் ஆனது. கல்லுத்தோட்டில் ஒன்று பெஜோவின் விளக்கு, இன்னொன்றும் பெஜோவின் விளக்கு. வனஜா டவலை இழுத்து மூடிவிட்டு, கை குளிர்ல விறைச்சுக்கப் போகுது என்று விருந்தாளிகள் காதில் விழும்படி சொன்னாள். வெளியே சித்திரை வெயிலே தோற்றுப்போகிற ஆனி வெயில். அவர்கள் போனபிறகு தனக்கு இருக்கிறது என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது, இருக்கட்டும், அது பழகின பூஜை.

சுளுக்கு என்ற வார்த்தையை எடுத்ததுதான் தப்பு. மூட்டுவலி என்றிருக்கலாம், எண்ணெய் கொட்டிவிட்டது என்றிருக்கலாம். சுளுக்குக்கு வைத்தியம் தெரியாத ஆள் தமிழ்நாட்டிலும் இல்லை, பாண்டிச்சேரியிலும் இல்லை. எத்திராஜுலு புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார், முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டுவார்கள் என்றார். பையன் ஸ்பிரே சொன்னான். பிறகு எத்திராஜுலு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்து, எதுக்கு வெளிய போவணும், நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே என்றார். புஷ்பலதா கால் முன்னால் வந்து பிறந்தவளாம். தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்களாம், அவள் காலால் ஒரு நீவு நீவினால் எழுந்து நடந்து போவார்களாம். தணிகாசலம் தூளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாதம் வெள்ளி மெட்டியோடு எதிரே இருந்தது, நல்ல அகலமான பாதம், அது வந்து டவல்மேல் ஒரு மிதி மிதித்தால் முன் கண்ணாடி போகும், விளக்கு போகும், ஸ்டியரிங் கம்பியை அவர் கிட்டார்க் கம்பியில் வளைத்திருந்தார், அது போகும். நல்லவேளை அந்த அம்மாள் நெளிந்தாள். சம்பந்தம் பேச வந்த வீட்டுல பொண்ணோட அப்பாவைக் காலால தொடுறதா, நல்லாயிருக்குமா என்றாள். நல்லாயிருக்காதும்மா, நல்லாவே இருக்காது என்று தணிகாசலம் அவசரமாக ஒத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அறைவாசலில் நின்ற நித்திலா மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சு எங்கெங்கோ போய், பாண்டிச்சேரியில் பழைய வீடுகளை இடிப்பது பற்றிப் போய், எத்திராஜுலுவின் இரும்புக் கடைக்கு வந்தது. அவர் அப்பா காலத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சாமானெல்லாம் அவர்கள் கடைக்குத்தான் வருமாம். ஒருதரம் ஒரு காரே வந்ததாம், கறுப்பு, நீளமான மூக்கு, ஏற ஒரு படிகூட இல்லாத வண்டி. தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். படி இல்லாத வண்டி. கறுப்பு. நீள மூக்கு. இதோ டவலுக்குள் இருப்பதேதான், திராக்சியோன், முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகிற கார், இதை நேரில் கண்ணால் பார்த்த ஒரு மனுஷன் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறான். இவர் பார்த்ததெல்லாம் படத்தில், ஒருதரமும் உட்கார்ந்ததில்லை, மின்சார ஆபீசுக்கு மொபெட்டில் போய் வருகிற ஆள். கதவு எந்தப் பக்கம் திறந்தது, முன்கதவின் கீல் பின்னால் இருந்ததா, டாஷ்போர்டிலிருந்து கியர் கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததா, சீட் என்ன நிறம், கேள்வியெல்லாம் தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றன, ஒன்றை விட்டால் எல்லாம் கொட்டிவிடும், விழுப்புரம், விழுப்புரம் என்று தனக்குள் மந்திரம்போல் சொல்லிக்கொண்டார். எத்திராஜுலு வாயில் கேசரியோடு சொன்னார், பின்னால இன்ஜினு, பின் சக்கரந்தான் இழுக்கும். ஐயோ. பின் சக்கரமா. பேரே அதுதானய்யா, முன்னால் இழுப்பது என்று பேரே அதுதான். தணிகாசலம் நாக்கைக் கடித்துக்கொண்டார், நிஜமாகவே கடித்தார், உப்புக் கரித்தது. அப்புறம் என்ன பண்ணீங்க என்று மட்டும், சும்மா கேட்கிற மாதிரி, கேட்டார். என்ன பண்றது, நாலு ஆளை விட்டுச் சம்மட்டியால உடைச்சுப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம், கூரை மட்டும் அசையவே இல்ல, என்னா உறுதி, அதை உடைக்கத்தான் பாதி நாளாச்சு என்றார் எத்திராஜுலு பெருமையாக. கொலைகாரன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுக்கிறோம் என்று தணிகாசலத்துக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பெண் அறைவாசலில் நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போ ஆரம்பிக்கப் போறார், இப்போ ஆரம்பிக்கப் போறார் என்று அவள் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் ஊசி போட டாக்டரிடம் அழைத்துப்போனால் இப்படித்தான் நிலையைப் பிடித்துக்கொள்வாள். தணிகாசலம் ஆரம்பிக்கவில்லை. நல்ல இரும்புதான்போல இருக்கு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தட்டு வந்தது. ஆடி பிறப்பதற்குள் கையோடு தட்டு மாற்றிவிடலாம் என்று முன்கூட்டியே பேசியிருந்தார்கள், வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ, மடித்து வைத்த புடவை. எல்லோரும் எழுந்தார்கள். எத்திராஜுலு பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். தணிகாசலத்தின் இடது கை தானாக முன்னால் போனது, பாதி வழியில் எத்திராஜுலுவின் கண்ணைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. நிச்சயத் தட்டை இடது கையால் வாங்குகிறவன் எவன். வனஜா முன்னால் வந்து, அவருக்குக் கை முடியலைங்க, நான் வாங்கிக்கிறேனே என்றாள். எத்திராஜுலு தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். கோபமில்லை, ஆனால் இரும்புக் கடைக்காரர், வளையமாட்டார்.

"பொண்ணோட அப்பன் கையி வாங்கணும்ங்க. அதுதான் மொறை. ஒண்ணும் அவசரமில்ல, கை நேராகட்டும், ஆடி போயி ஆவணியில வச்சுக்கலாம்."

ஆவணி. ஆவணிவரைக்கும் என்னவெல்லாம் நடக்கும், விழுப்புரத்துக்காரன் யாராவது கடலூர் போவான், இரும்பு வாங்குவான், பேச்சு வரும். பெண் வீட்டில் சகுனம் சரியில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பையன் தலைகுனிந்து நின்றான். புஷ்பலதா சங்கடமாகத் தணிகாசலத்தின் பக்கம் வந்து, ரொம்ப வலிக்குதாங்க, நான் வேணா மேலாக ஒரு நீவு நீவி விடட்டுமா என்று கையை நீட்டினாள். டவலைத் தொட்டால் தெரிந்துவிடும், சக்கரம் தட்டுப்படும், அப்பா எப்பவோ விட்டுட்டாரு என்று சொன்ன பெண் பொய்க்காரி ஆவாள். பாட்டிலைக் கவிழ்த்திருக்கலாம். அப்போதே கவிழ்த்திருக்கலாம். பெயின்ட் போயிடும்மா என்றாயே, மடையா, பெயின்ட். அவர் இடது கையைத் தூளிக்குள் விட்டார். காரின் அடியைப் பிடித்தார். அந்தச் சக்கரத்தின் பழக்கமான வளைவு உள்ளங்கைக்கு வந்தது. சாயங்காலங்கள் எல்லாம் ஒருதரம் கைக்குள் வந்து போயின, காதோரம் ரேடியோ, விளக்கடியில் தூண், தூணுக்குமேல் கூரை, கூரையை ஹேர் டிரையரில் சூடுகாட்டி வளைத்த அன்று சரியாக வளைந்துவிட்டது என்று தனியாக உட்கார்ந்து சிரித்தது. வலது கையை மேலே இழுத்தார். வரவில்லை. என்னா உறுதி. பல்லைக் கடித்துக்கொண்டு, குறுக்கே திருகி, இழுத்தார்.

மளுக்கென்று சத்தம். கூடம் முழுக்கக் கேட்டது. ஐயையோ எலும்பு என்று புஷ்பலதா பின்வாங்கினாள். தணிகாசலத்தின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வாய், அது எப்போதும் இவரைக் கைவிட்டதில்லை, உட்கார்ந்துடுச்சுங்க, சரியாயிடுச்சு என்றது. டவலின் ஒரு முனை விரல்களை மூடிக் கிடக்க, வலது கையைத் தூளியிலிருந்து எடுத்தார், மூன்று விரலின் அடியில் கறுப்பாக ஒரு கூரை ஒட்டிக்கொண்டே வந்தது, அதைத் தட்டுக்கடியில் செருகி, கட்டைவிரலால் விளிம்பைப் பிடித்து, இரண்டு கையாலும் வாங்கினார். தட்டு கனமாக இருந்தது. தூளிக்குள் மிச்சக் கார் மொட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தொடக்கூட இல்லியே என்றாள் புஷ்பலதா, தன் கையையே பார்த்துக்கொண்டு. நீ பக்கத்துல போனதே போதும் என்றார் எத்திராஜுலு, பிறகு தணிகாசலத்தைப் பார்த்து, பாத்தீங்களா சம்பந்தி என்றார். சம்பந்தி என்று சொல்லிவிட்டார். தணிகாசலத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஏழு கோட்டு பெயின்ட், ஆறு தூண், ஆறும் போயிருக்கும், முன் கண்ணாடியும் சேர்ந்து போயிருக்கும், நினைக்க நினைக்க வந்தது. புஷ்பலதாவுக்கு மனசு இளகிவிட்டது.

"அழாதீங்கண்ணே. பொண்ணு எங்க போயிடப்போவுது, இதோ இருக்கு கடலூரு."

ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். காருக்காகத்தான் அழுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. டவல் நழுவ ஆரம்பித்தது. அப்போது நித்திலா வந்தாள். நானும் பிடிச்சுக்கிறேன்ப்பா என்று பக்கத்தில் நின்று தட்டுக்கடியில் கையைக் கொடுத்தாள். அவள் விரல் தடவிக்கொண்டே வந்து கூரைமேல் பட்டது. நின்றது. உடைந்த தூண்களின் நுனி ஒவ்வொன்றாக அவள் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எதிரே பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, அந்தக் கூரையையும் அதில் ஒட்டியிருந்த மூன்று விரல்களையும் சேர்த்து, யாருக்கும் தெரியாமல், உள்ளங்கைக்குள் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் தணிகாசலத்துக்குச் சரியான காரணத்துக்காக அழுகை வந்தது.